கை மாறாத சாவி ஒரு சாவியா?

(இரண்டாமாண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன், வேங்கிக்கால்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மாணவர் சங்கச் செயலாளர் கேட்டார். "கவிதை எழுதட்டுமா அண்ணே?" என்றேன். "ஏற்கெனவே வந்த காதல் கவிதையை வைக்கவே பக்கம் போதல. நீயாவது உருப்படியா ஒண்ணு எழுது" என்றார். ஆகவே உங்களுக்கு ஒரு கவிதை மிச்சம்! நான் எழுதப்போவது ஒரு சாவியைப் பற்றி.

என் அப்பா ஆக்டிங் டிரைவர். சொந்தமாக வண்டி கிடையாது. யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் வண்டியை ஓட்டுவார். அவர் படித்தது எட்டாவது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டி காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் பீஸ் முழுக்க அடுத்தவர் வண்டிச் சாவியில் வந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

"சாவியை ஒருத்தன் நம்ம கையில குடுக்கிறான்னா, பத்து லட்ச ரூபாயையும் தன் பெண்டாட்டி பிள்ளை உயிரையும் சேர்த்துக் குடுக்கிறான்டா தம்பி" என்பார் அப்பா. சாவியை வாங்கும்போது இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்குவார். சின்ன வயசில் எனக்கு அது சிரிப்பாக இருக்கும். இப்போது இல்லை.

சென்னையிலிருந்து பௌர்ணமிக்கு வருகிற ஒரு குடும்பம் உண்டு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பெரியவர்களோடு நடந்து முடிக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் களைப்பில் சுமார் 190 கிலோமீட்டர் தாண்டியிருக்கும் சென்னைக்கு யார் ஓட்டுவது? அதற்குத்தான் அப்பா. அவர்கள் மலையைச் சுற்றி வரும்வரை அப்பா காரிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துத் தூங்குவார். நடுராத்திரி அவர்கள் வந்ததும் எழுந்து முகம் கழுவி, வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து ஊர் திரும்புவார். பல வருஷம் இப்படித்தான் நடந்தது.

போன வருஷம் அவர்கள் புதுக் கார் வாங்கினார்கள். அன்று பார்க்கிங்கில் அப்பா வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டியிருக்கிறார். "அண்ணே, இதுக்குச் சாவி கிடையாது. என் போன்தான் சாவி. இருங்க, உங்க போனுக்கே சாவியை அனுப்பிடறேன்" என்றார் ஓனர். நல்ல மனுஷர்தான். ஆனால் அப்பாவின் போனில் அந்த வசதி இல்லை. இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. பௌர்ணமி அன்று லட்சக்கணக்கான ஜனம் கூடுகிற நம் ஊரில் நெட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? போன் பேசவே முடியாது!

ஓனர் தன் போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். காரும் பூட்டிக்கொண்டது. அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கு உள்ளே, அப்பா வெளியே. பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து டீக்கடைக் கொட்டகையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். ஒரு மணிக்கு அவர்கள் வந்தபோது ஓனரின் போன் செத்துப்போயிருந்தது. வழியெல்லாம் வீடியோ எடுத்தால் சார்ஜ் நிற்குமா? கார் திறக்கவில்லை. அவருடைய வயசான அம்மாவின் பிரஷர் மாத்திரை காருக்குள்ளே. போனுக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கொடுத்த அட்டையோ சென்னையில் பீரோவுக்குள்ளே! டீக்கடையில் சார்ஜ் போட்டு, போனுக்கு உயிர் வந்து, கார் கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகு, ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடாத என் அப்பா, ஐந்து உயிர்களை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் சென்னைக்கு ஓட்டினார்.

நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். சேராமல் போயிருந்தால்? பேப்பரில் 'டிரைவர் தூங்கியதால் விபத்து' என்று போட்டிருப்பார்கள். அவர் ஏன் தூங்கவில்லை என்று யாராவது எழுதியிருப்பார்களா?

நண்பர்களே, நான் புதுமைக்கு விரோதி இல்லை. ஆட்டோமொபைல் படிக்கிறவன் புதுமையை வெறுத்தால் சோறு கிடைக்காது. இந்த விஷயம் எங்கோ அமெரிக்காவில் நடப்பதும் இல்லை. 2024 செப்டம்பரில் வந்த ஹூண்டாய் அல்கஸாரிலும், 2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலெக்ட்ரிக்கிலும் போனையே சாவியாக வைத்துக்கொள்ளலாம். ஹூண்டாய் தொழிற்சாலை இருப்பது நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இருங்காட்டுக்கோட்டையில். நம் சீனியர்கள் வேலைக்குப் போகிற இடங்கள்தானே இவை!

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 'போன் சாவி' என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை, நெட் வழியாக. போனில் பட்டனை அமுக்கினால், செய்தி கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து காருக்குள் இருக்கும் சிம்முக்கு வந்து, கதவு திறக்கும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட டெல்லி போய் வருகிற கதை! நடுவில் எது படுத்தாலும் கதவு திறக்காது. 2021 நவம்பரில் டெஸ்லா கம்பெனியின் சர்வர் கோளாறானபோது, பல நாடுகளில் ஆப்பை நம்பி அட்டையை வீட்டில் விட்டு வந்தவர்கள் தங்கள் காருக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, ப்ளூடூத். இதற்கு நெட் வேண்டாம். போன் பையில் இருந்தாலே போதும், கிட்டே போனால் கார் திறந்துகொள்ளும். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. ஒருவன் உங்கள் பக்கத்திலும் இன்னொருவன் உங்கள் கார் பக்கத்திலும் நின்று, கருவி மூலம் சிக்னலைக் கைமாற்றி விட்டால், நீங்களே பக்கத்தில் நிற்பதாகக் கார் ஏமாந்துவிடும். என்சிசி குரூப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2022 மே மாதம் டெஸ்லா மாடல் 3 காரை இப்படித் திறந்து காட்டியது.

மூன்றாவது, என்எஃப்சி. போனைக் கதவுப் பிடியில் ஒட்டிக் காட்ட வேண்டும். சில சென்டிமீட்டர் தூரம்தான் எட்டும். சாவியின் ரகசிய எண் போனுக்குள் இருக்கும் தனிச் சிப்பில் பத்திரமாக இருக்கிறது. கார் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கேள்வி கேட்கும், சிப் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். ரகசியம் வெளியே வராது, நெட்டும் வேண்டாம். நம் ஊர்ப் பௌர்ணமிக்கு ஏற்றது இதுதான். சில ஐபோன்களில் சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் ஐந்து மணி நேரம் வரை இந்தச் சாவி வேலை செய்யும். எல்லாப் போனிலும் அந்த வசதி இல்லை.

இது போக, அல்ட்ரா வைட்பேண்ட் என்று ஒன்றும் வந்திருக்கிறது. ரேடியோ அலை ஒரு நானோ வினாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். அலை போய் வருகிற நேரத்தை அளந்து, போன் உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கார் கணக்கிடுகிறது. நடுவில் ஒருவன் சிக்னலைக் கைமாற்றினால் நேரம் கூடிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும். கார் கம்பெனிகளும் போன் கம்பெனிகளும் சேர்ந்த கார் கனெக்டிவிட்டி கன்சார்ட்டியம் என்ற அமைப்பு 2021-ல் வெளியிட்ட டிஜிட்டல் சாவி விதிமுறையில் இந்த மூன்றும், அதாவது என்எஃப்சி, ப்ளூடூத், அல்ட்ரா வைட்பேண்ட் மூன்றும் இடம் பெற்றிருக்கின்றன.

ஆக, அறிவியல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. பிறகு என் அப்பா ஏன் மழையில் நின்றார்?

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். திருடன் திறக்கக் கூடாது என்று ஆயிரம் பேர் யோசித்திருக்கிறார்கள். ஓனர் சுலபமாகத் திறக்க வேண்டும் என்றும் யோசித்திருக்கிறார்கள். ஓனரும் இல்லாமல் திருடனும் இல்லாமல் நடுவில் ஒருவன் இருக்கிறானே, டிரைவர், மெக்கானிக், வாட்டர் சர்வீஸ் பையன், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிற பக்கத்து வீட்டுக்காரர், அவர்களைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. சாவியின் பெருமை பூட்டுவதில் மட்டும் இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டைக் கேளுங்கள். எப்பேர்ப்பட்ட பூட்டாக இருந்தாலும், நம்பிய ஒருவர் கையில் சாவியைக் கொடுத்தால் அவர் திறந்துவிடலாம். படிப்பு வேண்டாம், போன் வேண்டாம், சிக்னல் வேண்டாம். கை ஒன்று போதும்.

"ஏம்ப்பா, போன் சாவியை இங்கிருந்தபடியே சென்னைக்கு அனுப்பலாமே, இரும்புச் சாவியை அனுப்ப முடியுமா?" என்று என் வகுப்பு நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. கொடுத்த சாவியை ஒரு நொடியில் ரத்து செய்யலாம், கள்ளச் சாவி போடுவதும் கஷ்டம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்குகிறவனிடமும் அதே தரத்துப் போன் இருந்தால்தானே? வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, விலை உயர்ந்த போனும் வேண்டும் என்றால், ஐம்பது வயசு டிரைவர் எங்கே போவார்? லைசென்ஸ் எடுத்தவனுக்கு இன்னொரு லைசென்ஸா?

நம் பக்கத்து மாவட்டத்தையே பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா எஸ்1 ஸ்கூட்டர் 2021-ல் சாவி இல்லாமல்தான் வந்தது. திரையில் ரகசிய எண் அல்லது போன். அதே கம்பெனி 2023-ல் அறிவித்த விலை குறைந்த எஸ்1 எக்ஸ் மாடலில் சாதாரணச் சாவி திரும்பி வந்துவிட்டது! ஒரே வண்டியை அண்ணனும் தம்பியும் அப்பாவும் மாற்றி மாற்றி எடுக்கிற வீடுகளுக்கு எது தோது என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே என் கட்சி இதுதான். போன் சாவி இருக்கட்டும், கையில் கொடுக்கக்கூடிய ஒரு அட்டையோ சாவியோ அதோடு கட்டாயம் இருக்கட்டும். அது பீரோவில் தூங்காமல் வண்டியோடு பயணம் போகட்டும். அதாவது ஓனரின் பர்ஸில். காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்!

போன் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோமொபைல் மாணவனாக நான் சொல்வது:

புறப்படும் முன்பே, நெட் நன்றாக இருக்கும் வீட்டிலேயே, ஓட்டப் போகிறவருக்குச் சாவியை அனுப்பி ஒரு தடவை திறந்து பாருங்கள். கூட்டம் கூடும் ஊருக்குப் போனால் பவர் பேங்க் கையில் இருக்கட்டும். போனுக்குத் திரைப் பூட்டு கட்டாயம். போன் தொலைந்தால் சிம்மை நிறுத்துவது மட்டும் போதாது, சாவியையும் ரத்து செய்ய வேண்டும். எப்படி என்று முன்பே தெரிந்து வையுங்கள். பழைய போனை விற்கும் முன்பும், ரிப்பேர் கடையில் கொடுக்கும் முன்பும் சாவியை நீக்கிவிடுங்கள். பழைய கார் வாங்கினால் முந்தைய ஓனரின் போன்கள் அத்தனையும் நீக்கப்பட்டதா என்று பாருங்கள். காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் எவ்வளவு பெரிய போனும் கை கொடுக்காது. அவசரச் சாவித் துவாரம் உங்கள் காரில் இருக்கிறதா, எங்கே ஒளிந்திருக்கிறது என்று இன்றே தேடுங்கள்.

கடைசியாக நமக்கு ஒரு வார்த்தை. நாளை நம்மில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கார் கம்பெனியில் கதவுப் பூட்டு டெஸ்ட் செய்கிற மேஜையில் உட்காரலாம். 'திருடன் திறக்க முடியுமா?', 'ஓனர் திறக்க முடியுமா?' என்று இரண்டு கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்வார்கள். மூன்றாவதாக ஒரு கட்டம் நீங்களே போடுங்கள்: 'ஓனர் நம்பிய ஆள் திறக்க முடியுமா?'

அந்தச் சென்னைக் குடும்பம் போன மாதமும் வந்தது. ஓனர் காரை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகப் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து, "இந்தாங்கண்ணே, உள்ள படுத்துக்குங்க" என்றாராம்.

அப்பா அதையும் இரண்டு கையை நீட்டித்தான் வாங்கினாராம்.