கடைவீட்டுக்குள் கணினி வலை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள பழைய கடைவீடுகள் முகப்பில் ஒடுங்கி, உள்ளே நீண்டு கிடப்பவை. முன்னால் கல்லா, பின்கட்டில் சரக்கு, மாடியில் கணக்குப் பார்க்கும் மேசை. அஞ்சடியை ஒட்டி ரவுட்டரை மாட்டினால், இரண்டு மூன்று செங்கற்சுவர் தாண்டுவதற்குள் வைஃபை அலை சோர்ந்துவிடும். விலை கூடிய ரவுட்டர் வாங்குவது இதற்கு மருந்தல்ல, தடை சுவர்தான். எனவே கட்டடத்தின் படத்தை வரைந்து, கணினி, அச்சுப்பொறி, கேமரா எல்லாம் எங்கே என்று குறித்த பிறகுதான் சாமான் பட்டியலே.

இடம் மாறாத கருவிகளுக்குக் கேபிள், கையோடு திரிபவற்றுக்கு வைஃபை. கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகம் தரும். கடைவீட்டுக்கு அது தாராளம். சுவர் பூசுமுன்பே குழாய்க்குள் இரண்டு கேபிளைக் கூடுதலாக இழுத்து வைப்பது புத்திசாலித்தனம். கேபிள் மலிவு, பூசிய சுவரை உடைக்கும் கூலி அப்படியல்ல. எல்லாம் ஒரு சுவிட்சில் வந்து சேரும். ஒவ்வொரு நுனியிலும் அது எங்கே போகிறது என்று எழுதி ஒட்ட வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாடிக்குத் தனி வைஃபை பெட்டி வேண்டும், அதற்கும் கேபிளே வழி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 மட்டும். கடைகள் ஒட்டி நிற்கும் தெருவில் அவை நெரிசலாகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைப்பதில் மந்தம். பக்கத்துக் கடை அலையும் அவ்வளவாக உள்ளே வராது என்பதால், இங்கே அது வசதி.

வாடிக்கையாளருக்கு வைஃபை தருவதென்றால் அது தனி வலையாக இருக்கட்டும். பில் போடும் கணினியும் மலிவுக் கேமராவும்கூட ஒரே வலையில் கூடாது. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண்களைப் பதிந்து வைக்கும் சிறு கடையும் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே.

இணையம் வழி அனுப்ப வேண்டிய மின் விலைப்பட்டியல் விதி 2024 ஆகஸ்ட் 1 அன்று 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் ஆண்டு விற்பனை உள்ள நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஜூலை 1 அன்று 5 மில்லியனைத் தாண்டியவற்றுக்கும் வந்தது. இணையம் அரை நாள் அறுந்தால் விலைப்பட்டியல் காத்திருக்கும். வைஃபையில் ஓடும் கார்டு இயந்திரத்தின் முன் நிற்பவர் காத்திருக்கமாட்டார். வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட மாற்று இணைப்பு அதற்காகத்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கு பிற்பகல் இடிமழைக்குப் பேர்போனது. யுபிஎஸ்ஸும் மின்பாய்ச்சல் தடுப்பும் ஆடம்பரமல்ல. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் தரைத்தளங்களை மூழ்கடித்தது. எனவே சுவிட்சும் கணக்கு வைத்திருக்கும் கணினியும் மாடியில் இருக்க வேண்டும், கணக்கின் நகல் ஒன்று கட்டடத்துக்கு வெளியே.