இழந்ததை மீட்டுத் தந்த வழித்தலங்கள்

கோவையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் பவானி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காரில் சென்றால் இரண்டு மணி நேரத்திற்குள் அடைந்துவிடலாம். புறவழிச்சாலைகள் வந்தபின் வழியிலுள்ள ஊர்கள் பலருக்கு வெறும் பெயர்ப்பலகைகளாகிவிட்டன. முன்னோர் வண்டி கட்டிச் சென்ற நாளில் நிழலும் நீரும் கண்ட இடத்தில் தங்கினர். தங்கிய இடத்தில் கோயிலும், அதற்கென ஒரு வரலாறும் இருந்தன. அவற்றுள் நான்கு, இழந்த ஒன்று மீண்டும் கைசேர்ந்த வரலாறுகள்.

முதலாவது அவிநாசி. திருப்புக்கொளியூர் என்பது இதன் பழம்பெயர். சேரமான் பெருமாளைக் காணச் செல்லும் வழியில் சுந்தரர் இவ்வூர் வீதியில் இரு வீடுகளைக் கண்டார். ஒன்றில் மகனுக்கு உபநயனம், எதிர்வீட்டில் அழுகை. சில ஆண்டுகளுக்கு முன் இரு சிறுவரும் ஒன்றாகக் குளிக்கச் சென்றபோது, ஐந்து வயதுப் பாலகன் ஒருவனை முதலை விழுங்கியது. பெற்றோரின் துயர் கண்ட சுந்தரர் குளக்கரையில் நின்று பதிகம் பாட, முதலை அப்பிள்ளையைக் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரைசேர்த்தது என்கிறது பெரியபுராணம். அவிநாசியப்பரையும் கருணாம்பிகையையும் தரிசித்தபின், சற்றுத் தொலைவிலுள்ள தாமரைக்குளக்கரைக்கும் சென்று வணங்குதல் முறை.

அங்கிருந்து திருப்பூர் சாலையில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சென்றால் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் அளித்த பொன்னோடும் மணியோடும் திரும்பிய சுந்தரரை, சிவகணங்கள் வேடர் வடிவில் வந்து மறித்துப் பொருள் அனைத்தையும் பறித்தன. அவர் இறைவனிடம் உரிமையோடு முறையிட்டுப் பாட, பறிபோனவை யாவும் திருவாயிலில் குவிந்தன. வேடுபறி எனப்படும் நிகழ்ச்சி இதுவே. இவ்வூர்ச் சாலையோரச் சிற்பக்கூடங்களில் உளியோசையை இன்றும் கேட்கலாம்.

மீண்டும் நெடுஞ்சாலைக்கு வந்து பெருந்துறை நோக்கிச் செல்கையில் விஜயமங்கலம் வரும். சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்குரிய பழைய சமணக்கோயில் இங்கு உள்ளது. உதயணன் வரலாற்றைக் கூறும் பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிர் இவ்வூரினர் என்பது மரபு. அந்நூலின் தொடக்கமும் முடிவும் மறைந்துபோயின. எஞ்சிய பகுதியை ஏட்டிலிருந்து மீட்டு, 1924ஆம் ஆண்டு அச்சில் தந்தவர் உ.வே. சாமிநாதையர். சமயம் வேறாயினும், தமிழைக் காத்த அத்தொண்டை எண்ணி இவ்விடத்தில் சற்று நிற்பது தகும்.

நிறைவாகப் பவானி. சம்பந்தர் பாடிய திருநணா இதுவே. காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியக் கலக்க, அமுதநதி மறைவாகக் கலப்பதாக ஐதிகம். கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த வில்லியம் காரோ இங்குத் தங்கியிருந்த ஓர் இரவில், வேதநாயகி அம்மை சிறுமியாக வந்து அவரை வெளியே அழைத்துச் சென்றாள். உடனே மாளிகை இடிந்து வீழ்ந்தது என்பது கோயில் மரபு. அந்நன்றிக்கு அவர் 1804ஆம் ஆண்டு அளித்த தந்தக் கட்டில் கோயிலில் உள்ளது. அவர் வெளியே நின்று அம்மையைத் தரிசிக்க மதிலில் இடப்பட்ட துளைகளையும் காணலாம்.

பிள்ளையும் பொருளும் நூலும் உயிரும் மீண்டன. இன்று இவ்வழியில் நாம் இழந்துவருவது ஒன்றுண்டு. பெரியவர்கள் அந்தந்த இடத்தில் நின்று பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும் வழக்கமே அது. குளத்தைக் காட்டிச் சொன்ன கதை பிள்ளையின் நெஞ்சில் தங்கும். அதை மீட்பதற்கு அற்புதம் எதுவும் வேண்டுவதில்லை. காரை நிறுத்தினால் போதும்.

கோயில்கள் பொதுவாக நடுப்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில் திறக்கப்படும். ஆதலால் விடியற்காலையிலேயே கோவையிலிருந்து புறப்பட்டு, உச்சிவேளைக்கு முன் கூடுதுறையை அடையுமாறு பயணத்தை அமைத்துக்கொள்வது நலம். முதியோர் உடன் வந்தால் முற்பகலில் அவிநாசியையும் பூண்டியையும் நிதானமாகத் தரிசித்து, விஜயமங்கலத்தையும் பவானியையும் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.