அலைவரிசை ஆர்ட முதுசம்?

நம்மூரில் ஒருத்தரிடம் போய் கைமாற்றாகக் காசு கேட்டால்கூட சில நேரம் கிடைக்கும். ஸ்கேனர் ஃபைல் கேட்டுப் பாருங்க. முகம் மாறிப் போகும். "அது வேற ஒராள்ட, குடுக்க ஏலா" என்பார். இல்லாட்டி "பிறகு பாப்பம் மச்சான்" என்பார். அந்தப் பிறகு வரவே வராது.

மருதமுனையில் இருந்து நிந்தவூர் வரைக்கும் வாக்கி டோக்கி, ஸ்கேனர், யூஎஸ்பி ரிசீவர் என்று வானொலிப் பைத்தியம் பிடித்துத் திரிகிற பொடியன்மார் அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்தவர்களைக் கொஞ்சம் நெருக்கி இருத்தினால் ரெண்டு ஓட்டோவில் ஏற்றிவிடலாம். அந்தக் கொஞ்சப் பேருக்குள்ளேயே இந்தப் பொத்திப் பொத்தி வைக்கிற வேலை நடக்கிறது. எனக்கு இதில் கோபம் இருக்கு. அதை மறைத்து எழுதப் போவதில்லை.

விசயம் தெரியாதவர்களுக்கு: ஒரு பாவ்ஃபெங் யுவி-5ஆர் வாக்கியில் 128 சனல் வைக்கலாம். ஒவ்வொரு சனலுக்கும் அலைவரிசை, டோன் எல்லாவற்றையும் அந்தச் சின்னப் பட்டன்களால் ஒவ்வொன்றாக அடித்தால் விரல் தேய்ந்துவிடும். அதனால் கேபிளைக் குத்தி, கொம்பியூட்டரில் 'சேர்ப்' என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஒரே தரத்தில் உள்ளே தள்ளுவோம். அப்படித் தள்ளுகிற பட்டியல்தான் ஃபைல். வேறொன்றும் இல்லை. பாடசாலையில் மீடிறன் என்று படித்தோமே, அந்த எண்கள். பக்கத்தில் பெயர்கள்.

சரி, இந்தப் பொக்கிசத்துக்குள் அப்படி என்னதான் கிடக்கு? கடல் சனல் 16, அதாவது 156.800 மெகாஹேர்ட்ஸ். உலகம் முழுக்க கப்பலும் படகும் ஆபத்தில் கூப்பிடுகிற இடம். சர்வதேச விண்வெளி நிலையம் நம்ம தலைக்கு மேலால் போகும்போது சில நாட்களில் படம் அனுப்புகிற 145.800. அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசுகிற 145 சுற்றுவட்டாரம். விமானங்களின் அவசர அலைவரிசை 121.5. இவையெல்லாம் ரகசியமா? உலக நாடுகள் கூடி இருந்து எழுதிவைத்த ஒழுங்குகள், எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காகவே எழுதிவைத்தவை. இதைப் பூட்டி வைக்கிறவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ எத்தனை மணிக்கு என்பதை ஒளித்து வைக்கிறவர் மாதிரி.

"நான் மூணு மாசம் முழிச்சிருந்து தேடி எடுத்தது, சும்மா தூக்கிக் குடுக்கவா?" இதுதான் முதலாவதாக வருகிற பதில். மூணு மாசம் உண்மையாக இருக்கலாம். ஆனால் காக்கா, நீங்க தேடினது எதை வைத்து? சேர்ப் என்ற மென்பொருளை டான் ஸ்மித் என்ற அமெரிக்க அமெச்சூர் வானொலிக்காரர் தொடங்கி, பிறகு எத்தனையோ பேர் சம்பளம் இல்லாமல் வேலை செய்து, ஒவ்வொரு கருவியும் எப்படிப் பேசுகிறது என்று நோண்டிக் கண்டுபிடித்து, உங்கள் கையில் இலவசமாக வைத்தார்கள். டிவி பார்ப்பதற்காகச் செய்த மலிவான யூஎஸ்பி குச்சி ஒன்று பல அலைவரிசைகளைப் பிடிக்கிற ரிசீவர் ஆகலாம் என்பதை 2012 அளவில் கண்டுபிடித்தவர்கள் அதை ஒளித்து வைத்திருந்தால், இன்றைக்கு உங்கள் மேசையில் கிடக்கிற அந்தக் குச்சி வெறும் டிவிக் குச்சியாகவே கிடந்திருக்கும். வாங்கும்போது எல்லாம் பொது, கொடுக்கும்போது மட்டும் எண்ட உழைப்பா?

இது நம் ஊர்ப் பழக்கமும் இல்லை. யுத்த காலத்தில் இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை எந்த இடத்தில் தெளிவாகக் கேட்கிறது என்பதை யாராவது ஒளித்தார்களா? நேற்று 31 மீற்றரில் இரைச்சல், இன்றைக்கு 25 மீற்றரில் பிடி என்று தேத்தண்ணிக் கடையில் சொல்வார்கள், வேலிக்கு மேலால் சொல்வார்கள். ஆமியும் இயக்கமும் ஊரைச் சுற்றி நின்ற நாட்களில் அந்த ஒரு எண்ணுக்குப் பெரிய பெறுமதி இருந்தது. அப்படியிருந்தும் அது கை மாறியது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றுபோனது. அதோடு இந்தப் பெருந்தன்மையும் சேர்ந்து நின்றுவிட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது. சென்னையில் ஆர்டிக் டிஎக்ஸ் கிளப் என்று ஒன்று. சிற்றலை கேட்கிறவர்கள் சேர்ந்து 'சர்வதேச வானொலி' என்று தமிழிலேயே சஞ்சிகை போட்டார்கள். எந்த நிலையம், எந்த நேரம், எந்த அலைவரிசை என்பதைத் தமிழில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். நாங்கள் ஒரு வட்ஸ்அப் அனுப்பப் பின்வாங்குகிறோம்.

இரண்டாவது பதிலைத்தான் நான் மதிக்கிறேன். "தம்பி, பயமா இரிக்கி."

பயப்படக் காரணம் இருக்கிறது. இந்தக் கரையில் வாக்கி டோக்கி என்றாலே நம் வாப்பாமாருக்கு ஞாபகம் வருவது விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு வயர், ஒரு பற்றரி, ஒரு அந்தெனா போதும், சோதனைச் சாவடியில் பகல் முழுக்க நிற்பாட்ட. பிறகு 2019 ஏப்ரல். 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் நடந்ததை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. அதற்குப் பிறகு வீடு வீடாகத் தேடிய நாட்களில், தொப்பி போட்ட ஒரு பொடியன் தன் கூரையில் ஏன் ஒரு குழாயை நட்டிருக்கிறான் என்று எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? ஆகவே பயப்படுகிறவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒளித்து வைப்பது அந்தப் பயத்துக்கு மருந்தா? ஒருநாள் உங்கள் கருவி யாரோ ஒரு அதிகாரியின் கையில் போகிறது என்று வையுங்க. அதற்குள் பெயரில்லாத நாற்பது சனல். எது கடல், எது பொலிஸ், எது சும்மா இரைச்சல் என்று உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் யாரோ ஒருவர் இரவு பன்னிரண்டு மணிக்கு இரகசியமாகத் தந்தது. அதைவிட, "இது எல்லோரும் பாவிக்கிற பட்டியல், இது கடல், இது விண்வெளி நிலையம், ஒவ்வொன்றும் எழுதி இருக்கு, எதிலும் பட்டனை அமுக்கினால் பேச ஏலாது" என்று திறந்து காட்டக்கூடிய ஃபைல் எவ்வளவு பாதுகாப்பு! பொத்திப் பொத்தித்தான் நாங்கள் இந்தப் பொழுதுபோக்கைக் குற்றம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம்.

இங்கே மற்றக் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. கொடுக்காதவர் ஒரு வகை என்றால், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறவர் இன்னொரு வகை. பொலிஸ், ஆமி, அம்பியூலன்ஸ் என்று ஸ்கேனரில் மாட்டியதை எல்லாம் அள்ளிப் போட்டு, "செம ஃபைல் மச்சான், எல்லாம் கேக்கும்" என்று பதினாறு வயதுப் பொடியனுக்கு அனுப்புகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அலை அனுப்பும் கருவியைப் பாவிக்க உரிமம் வேண்டும். அடுத்தவர் செய்தியை இடைமறிப்பதும் குற்றம். மாட்டினால் அந்தப் பொடியன்தான் மாட்டுவான், அனுப்பிய காக்கா இல்லை. அதோடு அம்பியூலன்ஸில் போகிறவரின் நோய் எங்களுக்கு என்னத்துக்கு? ஒருத்தர்ட வீட்டுக் கதவுல காது வச்சிக் கேக்கிறதும் இதுவும் ஒண்டுதான்.

கேட்கப்படாத சனலை நீக்குவது ரெண்டு நிமிச வேலை. சேர்ப்பில் 'டூப்ளெக்ஸ்' என்ற கட்டத்தில் 'ஓஃப்' என்று போட்டால் அந்தச் சனலில் பேசவே முடியாது, கேட்க மட்டும்தான். நம் ஊரில் சுற்றுகிற ஃபைல்களில் இதை யாரும் போடுவதில்லை. சனல் 16இல் ஒரு பொடியன் தெரியாமல் பட்டனை அமுக்கிக்கொண்டு பாட்டுப் போட்டால், அந்த நேரம் கடலில் ஒருவன் உதவிக்குக் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது.

கடலைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத வந்தேன்.

2004 டிசம்பர் 26. சுமாத்திராவில் நிலம் ஆடியபோது நம் மணிக்கூட்டில் காலை ஏழாகவில்லை. அலை நம் கரைக்கு வர ஒன்றரை மணித்தியாலம் அளவில் இருந்தது. அந்த ஒன்றரை மணித்தியாலம் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நாட்டிலேயே அதிகம் இழந்த மாவட்டம் இதுதான். அதன் பிறகு தொலைபேசி செத்த நாட்களில், இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர்கள் பற்றரியிலும் சிற்றலையிலும் வேலை செய்தார்கள். விக்டர் குணதிலக்க, அழைப்புக்குறி 4எஸ்7விகே, அவர்களில் ஒருவர். ஹம்பாந்தோட்டைக்குப் போய் நிலையம் போட்டு கொழும்போடு தொடர்பு எடுத்தார்கள். அதே நாளில் அந்தமானில், டெல்லியில் இருந்து வானொலிப் பயணமாக போர்ட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண், பொழுதுபோக்குக்குக் கொண்டு வந்த அதே கருவிகளை வைத்துத் தீவுக்கும் நாட்டுக்கும் இடையே செய்தி கொண்டுபோனார். தங்கச்சிமார் கவனிக்க. நம்ம ஊரில் ஃபைல் கைமாறுவது கடை வாசலில், ஆம்பிளைகளுக்குள். ஒரு பொம்பிளைப் புள்ள கேட்டு வந்தால் கொடுக்கிறதுக்கு யார் இருக்கிறார்?

நான் கேட்பது இதுதான்: நாளைக்கு அப்படி ஒன்று வந்தால் கல்முனையில் சனல் 16ஐக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் யார்? பேசும் உரிமத்தோடு இருக்கிறவர் யார்? 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசாங்கமே வட்ஸ்அப்பையும் முகநூலையும் நாள்கணக்கில் நிறுத்தி வைத்தது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு நாட்டின் பல இடங்களில் தொலைபேசிச் சேவை விழுந்தது. ஃபோன் இருக்கு எண்ட தைரியம் எத்தனை நாளைக்கு?

கணக்கு ஒன்று சொல்கிறேன். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கடற்கரை மணலில் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால், கடலில் ஒரு சின்ன வள்ளத்தோடு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரைக்கும்தான் எதிர்பார்க்கலாம், அதுவும் நல்ல நாளில். அந்தெனாவை முப்பது மீற்றர் உயரத்துக்கு ஏற்றினால் அது ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீற்றர் ஆகும். முப்பது மீற்றர் உயரத்துக்கு நம் ஊர்களில் என்ன இருக்கிறது? மினாராக்கள் இருக்கின்றன. நம்பிக்கையாளர் சபையிடம் அனுமதி கேட்டு, முறையான உரிமம் எடுத்து, மீனவர் சங்கத்தோடு சேர்ந்து ஒரு கேட்கும் நிலையம் போட முடியாதா? இயந்திரம் பழுதாகி நடுக்கடலில் அடிபட்டுக்கொண்டு போகிற நம்மூர் மீனவர் கதையை எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். கருவியே இல்லாத வள்ளங்கள்தான் அதிகம் என்பதும், ஆழ்கடலுக்கு இது போதாது என்பதும் எனக்கு விளங்கும். ஆனால் கேட்கிற காது கரையில் இல்லாதபோது, "வள்ளத்தில் ஒரு கருவி வையுங்க நானா" என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். ஆள் எங்கிருந்து வருவான்? பதினைந்து வயதில் ஒரு மலிவான வாக்கியோடு, விண்வெளி நிலையம் அனுப்பிய ஒரு படத்தை ஃபோனில் பிடித்துப் பார்த்து வாயைப் பிளந்தவனில் இருந்துதான். அவனுக்கு முதல் நாளிலேயே "ஃபைல் தர ஏலா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவன் போய் பப்ஜி விளையாடுகிறான்.

கொடுக்கிறதை ஒழுங்காகக் கொடுப்போம். 'இமேஜ்' ஃபைலாகக் கொடுக்காதீங்க. அது அந்த மொடலுக்கு மட்டும்தான் பொருந்தும், உங்கள் கருவியின் எல்லா அமைப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும். சிஎஸ்வி ஆக ஏற்றுமதி செய்தால் எக்ஸலிலும் திறக்கலாம், குவான்ஷெங் வைத்திருக்கிறவனும் தன் கருவிக்கு எடுத்துக்கொள்ளலாம். யுவி-5ஆர் வைத்திருக்கிறவனுக்கு விமான அலைவரிசையைத் திணித்துப் பிரயோசனம் இல்லை. அது ஏஎம், அந்தக் கருவிக்கு எஃப்எம் மட்டும்தான் விளங்கும். இதைக்கூட யாரும் சொல்லிக் கொடுக்காததால் "காக்கா தந்த ஃபைல் வேலை செய்யுதில்ல" என்று திரிகிற பொடியன்மார் இருக்கிறார்கள். குறிப்புக் கட்டத்தில் எங்கே நின்று கேட்டது, எந்தத் திகதி, என்ன அந்தெனா என்று எழுதுங்க. "பாண்டிருப்புக் கடற்கரை, மாலை, கையந்தெனா, தெளிவில்லை." இப்படி ஒரு வரி வெறும் எண்களை விடப் பெறுமதி. பெயர்களைத் தமிழில் யோசித்து வையுங்க, கருவித் திரை ஆங்கிலம்தான் காட்டும் என்றாலும் பக்கத்தில் ஒரு தமிழ் விளக்கத் தாள் போடலாம். அந்தத் தாள் இன்றைக்கு எங்குமே இல்லை.

என்னிடம் இருப்பது இருபத்திரண்டு சனல். பொலிஸ் இல்லை, ஆமி இல்லை, எதிலும் பேச முடியாதபடி பூட்டியது. கேட்கிற எவருக்கும் தருவேன், தமிழ்த் தாளோடு. மாற்றாக நீங்கள் கேட்ட ஒரு சனலையாவது, இடமும் திகதியும் போட்டு எனக்கு அனுப்ப வேண்டும். அமெச்சூர் உரிமப் பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க நாலு பேராவது வேண்டும். அலை, மின்சுற்று எல்லாம் உயர்தரத்தில் பௌதிகம் படித்தவனுக்குப் புதுசில்லை. பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிற காக்காமாரும் வரலாம். வரும்போது கேபிளைக் கொண்டு வாங்க, எண்ட கேபிள் போன மாதம் அறுந்துபோச்சு.