வீட்டில் விஞ்ஞானம்: மிதந்த முட்டைகள் செய்த குற்றம் யாது?

முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பார்த்து அது நல்லதோ கூழோ என்று தீர்ப்பளிப்பது நம் அடுக்களை வழக்கம். தாழ்ந்தால் நல்லது, மிதந்தால் கூழ். இவ்வழக்கத்தை நம்பி எங்கள் பெரியம்மா சென்ற வாரம் ஓர் அநீதி இழைத்துவிட்டார். வீட்டுக் கோழிகள் அன்று காலை இட்ட மூன்று முட்டைகளும் மிதந்தனவென்று அவற்றை வாழையடியில் எறிந்துவிட்டார்.

"அம்மம்மா, அவை காலையில் நானே கூட்டிலிருந்து எடுத்துவந்தவை அல்லவா?" என்று என் மகள் கண்ணீர் வடித்தாள்.

விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. பாத்திரத்தில் இருந்தது வெறுந் தண்ணீரன்று. மாங்காய் ஊறப்போடுவதற்கென்று கரைத்துவைத்த உப்புநீர்!

நீரில் இறங்கும் பொருள் தன் பருமனளவான நீரைவிடப் பாரமாயின் தாழும், இலேசாயின் மிதக்கும். புதிய முட்டை நல்ல தண்ணீரைவிடச் சற்றே பாரமானது. நாட்செல்லச்செல்ல ஓட்டிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே ஈரம் வெளியேற, அவ்விடத்தைக் காற்று பிடிக்கின்றது. பருமன் குறையாது பாரம் மட்டும் குறைவதால் பழைய முட்டை மிதக்கின்றது. பெரியம்மாவின் பாத்திரத்திலோ முட்டை இலேசாகவில்லை, தண்ணீர் பாரமாகிவிட்டது. (மிதக்கும் முட்டை பழையது என்னலாம், கெட்டது என்று உடனே சொல்லிவிட முடியாது. தனிக் கோப்பையில் உடைத்து மணந்து பார்ப்பதே நியாயமான விசாரணை.)

இதனை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கால் லீற்றர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி உப்பை நன்கு கரைத்து, உயரமான கண்ணாடிக் குவளையில் அரைவாசிக்கு ஊற்றி, புதிய முட்டையொன்றை மெல்ல இடுங்கள். மிதக்கும். பின்னர், கரண்டியொன்றின் முதுகின்மேல் வழியவிட்டு நல்ல தண்ணீரை மெதுமெதுவாக ஊற்றுங்கள். அவசரம் கூடாது, இரு நீரும் கலந்தால் வேடிக்கை கெட்டுவிடும். முட்டை மேலேயும் வராது, கீழேயும் போகாது, குவளையின் நடுவே அந்தரத்தில் நிற்கும். மேலுள்ள நீர் அதனைத் தாங்கவில்லை. கீழுள்ள நீர் தாங்குகின்றது.

"கடலில் மிதக்குமோ?" என்றாள் மகள். புதிய முட்டை மிதவாது. நல்ல தண்ணீர் லீற்றருக்கு 1,000 கிராம் எனின், கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிராமே. ஆனையிறவு உப்பளப் பாத்திகளிலே உப்புப் பூக்குந் தறுவாயிலுள்ள நீர் 1,200 கிராமுக்கும் மேற்பட்டது. அதில் தாராளமாய் மிதக்கும்.

முட்டைக்குப் போதாத அந்த 25 கிராம் கப்பலுக்குப் பெரிது. ஆற்றுத் துறையில் பாரம் ஏற்றிய கப்பல், கடலை அடைந்ததும் சற்று உயர்கின்றது. மிகைப்பாரத்தால் மாலுமிகள் மாண்டதைக் கண்டு சாமுவேல் பிளிம்சோல் போராடியதன் பயனாக, 1876ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு இடுவதைக் கட்டாயமாக்கிற்று. இன்றைய கப்பல்களில் நன்னீருக்கும் கடல்நீருக்கும் வெவ்வேறு கோடுகள் உண்டு. கொழும்புத் துறைமுகப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

பரிசோதனை முடிந்தபின் உப்புநீரைப் பூஞ்செடிகளுக்கு ஊற்றிவிடாதீர்கள், வாடிவிடும்.

வாழையடியில் உடையாது தப்பிய முட்டை ஒன்றே. அதனைக் கழுவி நல்ல தண்ணீரில் இட்டோம். அடியில் பேசாமற் படுத்துக்கொண்டது. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் அதனை எடுத்துப் பொரித்து, இரவு இடியப்பத்தோடு பேத்தியின் கோப்பையில் வைத்தார்.