பொயின்ட் கார்டை விட்டது யார்?

மெட்ச் தோற்றால் எங்கட கம்பஸ் டீமில ஒரு வழக்கம் இருக்கு. எதிர் டீமின் பொயின்ட் கார்ட் எத்தனை பொயின்ட் போட்டான் என்று எண்ணுவார்கள். அவனைப் பிடிக்க விட்ட பையன் யார் என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான், விசாரணை முடிஞ்சுது. இந்த சீசனில் மூன்று மெட்ச் தோற்றிருக்கிறோம், மூன்றிலும் குற்றவாளி ஒரே ஆள். டீமிலேயே குட்டையான செகண்ட் இயர் பையன். இரண்டு கிழமையாக அவன் ப்ரக்டிஸுக்கு வாறதில்ல.

எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. பொயின்ட் கார்டைத் தனி ஒருத்தனால பிடிக்க ஏலாது. இரக்கப்பட்டுச் சொல்லவில்லை, இந்த விளையாட்டே அப்படித்தான்.

நல்ல பொயின்ட் கார்ட் தன் வேகத்தை மட்டும் நம்பி வருவதில்லை. அவனுடைய டீமில் உயரமான ஒருவன் வந்து எங்கட பையனுக்குப் பக்கத்தில் சுவர் மாதிரி நிற்பான். அதுதான் ஸ்கிரீன். பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்கிறவனுக்கு முதுகுப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. அது தெரிவது எங்கட சென்டருக்கு. எந்தப் பக்கம் என்று அவன்தான் கத்தவேண்டும். கத்திவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்து பொயின்ட் கார்டை அரை செக்கன் தடுக்கவேண்டும். அந்த அரை செக்கனில் குட்டைப் பையன் ஸ்கிரீனைச் சுற்றி வந்து தன் ஆளைத் திரும்பப் பிடித்துவிடுவான். இல்லாட்டி இரண்டு பேரும் ஆள் மாற வேண்டும். எது செய்வது என்று மெட்சுக்கு முதலே பேசி வைத்திருக்க வேண்டும். எங்கட சென்டர் வளையத்துக்குக் கீழேயே நின்றான்.

அவன் கத்தவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை "தகுண" என்று கத்தினான். தகுண என்றால் வலது என்று அந்தப் பையனுக்குத் தெரியும். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன் அதை மனசுக்குள்ள வலதாக்கி முடிக்கிறதுக்குள்ள தோள் போய் ஸ்கிரீனில் இடிச்சிட்டுது. இன்னொரு தடவை வேறொருவன் இங்கிலிஷில் கத்தினான். மூன்று மொழியும் ஓடுகிற டீமில் இடதுக்கும் வலதுக்கும் என்ன சொல்லுவது என்று இன்றுவரை யாரும் முடிவெடுக்கவில்லை. நாட்டுப் பிரச்சினையைத் தீர்க்கச் சொல்லல மச்சான், ரெண்டு சொல்லைத்தான் கேக்கிறேன். எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்ல.

ஆள் மாறுவதையும் யோசிக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011 மார்ச் 10 நல்ல உதாரணம். நியூயோர்க்கில் கனெக்டிகட்டுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் கல்லூரி மெட்ச், 74-74 சமநிலை, கடைசி செக்கன்கள். ஆள் மாறியதில் ஆறடிப் பொயின்ட் கார்ட் கெம்பா வோக்கருக்கு முன்னால் வந்து நின்றது ஏறக்குறைய ஏழடி சென்டர் கேரி மெக்கீ. வோக்கர் உள்ளே போகிற மாதிரிக் காட்டிப் பின்னால் எட்டு வைத்தார், மெக்கீ தடுமாறினார், 76-74. அந்த வீடியோவை இன்றைக்கும் மெக்கீயைப் பார்த்துச் சிரிக்கத்தான் போடுகிறார்கள். அவரை அந்த இடத்தில் தனியாக விட்ட மற்ற நாலு பேரை யாரும் பார்ப்பதில்லை.

"அப்ப ரெண்டு பேரை விட்டுப் பிடிப்பம்" என்று எங்கட சீனியர் ஒருவர் சொல்கிறார். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2008 நவம்பர் 25, டேவிட்சன் கல்லூரியோடு மேரிலாந்தின் லொயோலா. அந்த வருடம்தான் ஸ்டீபன் கரி பொயின்ட் கார்டாக மாறியிருந்தார். லொயோலாவின் கோச் ஜிம்மி பட்சோஸ் மெட்ச் முழுக்க இரண்டு பேரைக் கரியோடு ஒட்டவைத்தார். கரி எறிந்ததே 3 தடவைதான், பொயின்ட் பூச்சியம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் மூலையில் நின்றுவிட்டார். மிச்ச இடத்தில் நாலு பேருக்கு எதிராக மூன்று பேர். டேவிட்சன் 78-48. முப்பது பொயின்ட் வித்தியாசத்தில் தோற்றுவிட்டு "கரியைப் பிடிச்சோம்" என்று சொல்லலாம், சொல்லி என்ன பயன்?

எங்களிடம் கரியும் இல்லை, எதிரில் வருவதும் கரி இல்லை. பந்தை அரைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுவர 8 செக்கன், எறிய மொத்தம் 24. முழு மைதானத்திலும் ஒட்டி நின்று அவனை ஆறு, ஏழு செக்கன் வேர்க்க வைத்தாலே, அந்த டீம் ஆட்டத்தைத் தொடங்கும்போது நேரம் பதினேழு, பதினெட்டுதான் மிச்சம். அதற்குக் கால் வேகமான, களைக்காத ஆள் வேண்டும். எங்கட டீமில் அப்படி ஒருத்தன்தான் இருக்கிறான். அவனைத்தான் துரத்திவிட்டிருக்கிறோம்.

அவன் அம்பிட்டியவில் எங்கட வீட்டுக்கு மேல் போர்டிங்கில் இருக்கிறான். டவுனுக்கு வந்து இன்னொரு பஸ் ஏறித்தான் ப்ரக்டிஸுக்குப் போகவேண்டும், முடிந்து திரும்பி வர இருட்டிவிடும். போன கிழமை பஸ்ஸில் கண்டபோது கேட்டேன். "எனக்கு முதுகில கண் இல்லயே அண்ணா" என்றான். அதுக்கு மேல ஒண்டும் பேசல.

அடுத்த மெட்சுக்குப் பதினைந்து நாள் இருக்கு. நான் அவனுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். போட வேண்டியது நான் இல்லை, கெப்டன். அதோடு அந்த ரெண்டு சொல்லையும் புதன்கிழமை ப்ரக்டிஸிலேயே முடிவெடுங்க. ஷூட்டிங்குக்கு ஒதுக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தை எடுத்தால் போதும்.