காணோம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை

மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. (ஏன் என்று கேட்டவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் நன்றி!) இன்றைக்கு எழுத வந்தது பேங்க் சமாச்சாரம் இல்லை. 2024 மே மாதம் எங்கள் நாக்பூர் வீட்டு டீவி ஒரு பெட்டியைக் "காணோம்" என்று சொன்ன கதை. கதையோடு எனக்கு ஒரு கட்சியும் உண்டு. ஒத்துக்கொள்ளாதவர்கள் கடைசியில் சண்டைக்கு வரலாம்.

முதலில் பெட்டி. ராஸ்பெர்ரி பை என்று சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்கு ஒரு எஸ்டி கார்டு, பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கில் போட்டோ, பாட்டு எல்லாம் இருக்கும். டீவியில் இருக்கிற கோடி என்கிற மென்பொருள் (ரூபாய் கோடி இல்லை, அதெல்லாம் நமக்கு எங்கே) வீட்டு வைஃபை வழியாக அந்தப் பெட்டியைத் தானே தேடிக் கண்டுபிடித்து, பட்டியலில் காட்டும்.

அந்த டிஸ்க்கில் மூன்று கேசட் இருந்தது. அதாவது, கேசட்டில் இருந்த குரல்.

அப்பா 1984 முதல் 1986 வரை மஸ்கட்டில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் போன் பேசுவது என்றால் காசும் அதிகம், காத்திருப்பும் அதிகம். அம்மா டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, அந்தப் பக்கம் போகிறவர்கள் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்புவார். கல்ஃபுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் இது சகஜம். அம்மா 2019-ல் போய்விட்டார். 2021-ல் நான் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றிய கையோடு இரண்டில் நாடா அறுந்தது. மூன்றாவதில் பூஞ்சை. அப்பாவுக்கு இப்போது 78 வயது. சாயந்திரம் காபி குடித்துவிட்டு அரை மணி நேரம் அதைக் கேட்பார். ரேஷனில் சர்க்கரை போடவில்லை, மாடு கன்று போட்டது, சின்னவனுக்குக் காய்ச்சல் தேவலை. இதுதான் அதில் இருக்கிறது. அந்தச் சின்னவன் அடியேன்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு திங்கட்கிழமை சாயந்திரம் பட்டியல் காலி. டீவியை அணைத்துப் போட்டேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். ஊஹூம். மறுநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தார், போனில் தேடினார், அதிலும் காணோம். "ஹார்ட் டிஸ்க் போச்சு சாப், ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம்" என்று இந்தியில் சொன்னார். அப்பாவுக்கு இந்தி வராது. ஆனால் "ஃபார்மட்" புரிந்துவிட்டது.

"தம்பி, உங்கம்மா பேசினதும் போயிடுமா?"

பதில் சொல்ல முடியவில்லை. காரணம், வேறு எங்கும் பிரதி வைக்கவில்லை. பேங்க்கில் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் கேட்கிறவன், வீட்டில் இதற்கு நகல் எடுக்கவில்லை. ரிப்பேர்க்காரரிடம் "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

நான் பேங்க்கில் சேர்ந்த 2003-ல் எங்கள் கிளையில் இன்னும் கை லெட்ஜர்தான். எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று சொல்ல இன்டெக்ஸ் என்று தனிப் புத்தகம் உண்டு. அதில் பக்கம் கிழிந்துபோனால் வாடிக்கையாளரிடம் "உங்களுக்குக் கணக்கே இல்லை" என்று சொல்வோமா? லெட்ஜரைப் புரட்டுவோம். கணக்கு அங்கேயேதான் இருக்கும். இங்கேயும் அதே கதையாக இருந்தால்?

ரௌட்டரின் பக்கத்துக்குள் போனால், வீட்டில் எந்தெந்தச் சாதனத்துக்கு என்ன முகவரி கொடுத்திருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். பார்த்தேன். பெட்டி அங்கே இருந்தது! முகவரி 192.168.1.20. லேப்டாப்பில் அந்த முகவரிக்கு பிங் கொடுத்தேன், பதில் வந்தது. கோப்புகளைத் திறக்கும் ஜன்னலில் பெயருக்குப் பதிலாக அந்த எண்ணையே அடித்தேன். எல்லாம் திறந்தது. போட்டோ, பாட்டு, மூன்று கேசட். அப்பாவைக் கூப்பிட்டு லேப்டாப்பிலேயே போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை மட்டும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆக, டிஸ்க்கில் கோளாறு இல்லை. பின்னே டீவி ஏன் காணோம் என்றது?

வீட்டுக்குள் சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது ஹாஜர் எடுக்கிற மாதிரிதான். டீவி "கோப்பு கொடுக்கிறவர் யாராவது இருக்கீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கும். இருக்கிறவர் "உள்ளேன் ஐயா, என் பெயர் இது, முகவரி இது" என்று சொல்ல வேண்டும். இதற்கு எம்டிஎன்எஸ் என்று பெயர். 224.0.0.251 என்கிற பொது முகவரி, 5353 என்கிற போர்ட் எண். ஆப்பிள் கம்பெனி 2002-ல் கொண்டு வந்தது, 2013-ல் முறைப்படி இணையத் தர ஆவணமாக வந்தது. லினக்ஸ் பெட்டியில் இந்தப் பதிலைச் சொல்கிற நிரலுக்கு அவாஹி என்று பெயர். (அவாஹி என்பது மடகாஸ்கரில் இருக்கும் ஒரு லெமூர்.) பதில் சொல்கிற அவாஹி வேறு, கோப்பைக் கொடுக்கிற நிரல் வேறு. முதலாவது ஊமையானாலும் இரண்டாவது வேலை செய்துகொண்டே இருக்கும்.

பெட்டிக்குள் போய் அவாஹியின் நிலையைக் கேட்டால், "தொடங்க முடியவில்லை, கான்ஃபிகரேஷன் கோப்பில் பிழை" என்றது. கோப்பைத் திறந்தேன். பாதி வரியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

யார் செய்த வேலை? வேறு யார், அடியேன்தான். முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம், பெட்டிக்கு இருந்த பெயர் நன்றாக இல்லை என்று அம்மா பெயரை வைக்கலாமே என்று அந்தக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். சேமித்த அதே நிமிஷம் கரண்ட் போனது. நாக்பூர் மே மாதம், ஏசி எல்லாம் ஓடுகிற நேரம். திரையில் சேமித்தாகிவிட்டது என்று தெரிந்தாலும், கார்டில் முழுசாக எழுதி முடிய இன்னும் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடி கிடைக்கவில்லை.

புனேயில் தங்கை பையனிடம் இதே மாதிரிப் பெட்டி இருக்கிறது. "மாமா, என்னோட ஃபைலை அனுப்புறேன், பேரை மட்டும் மாத்திக்கோங்க" என்றான். போட்டேன், அவாஹியைத் திரும்பத் தொடங்கினேன். டீவியில் அம்மா பெயர் வந்தது. மொத்தச் செலவு பூஜ்ஜியம்.

இப்போது என் கட்சி. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் "ரீசெட் பண்ணு, ஃபார்மட் பண்ணு" என்பது ஒரு வியாதியாகிவிட்டது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் யாரும் லெட்ஜரைக் கொளுத்துவதில்லை. வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். அது ஒன்பதால் வகுபட்டால், எங்கேயோ 54-ஐ 45 என்று போட்டிருக்கலாம் என்று தேடுவோம். மெஷினுக்கு மட்டும் ஏன் இந்தப் பொறுமை இல்லை? எங்கள் வீட்டில் அந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணியிருந்தால் கோளாறும் தீர்ந்திருக்காது. பழுதான கோப்பு இருந்தது எஸ்டி கார்டில். டிஸ்க் பாவம், சாட்சி மாதிரி பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"உங்களுக்கு நேரமிருக்கு, மருமகன் இருக்கான், எங்களுக்கு?" என்று என் வீட்டம்மாவே கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றும் இல்லாத பெட்டி என்றால் தாராளமாக ரீசெட் செய்யுங்கள். உள்ளே நம்முடையது ஏதாவது இருந்தால், முதலில் முகவரி வழியாக அது இருக்கிறதா என்று பாருங்கள், பத்து நிமிஷம் போதும். டீவியும் பெட்டியும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா, ஒன்று விருந்தினர் வைஃபையில் மாட்டிக்கொண்டதா என்று பாருங்கள். விண்டோஸ் என்றால், வீட்டு நெட்வொர்க்கை "பொது" என்று குறித்து வைத்திருந்தாலும் பக்கத்துச் சாதனம் தெரியாது. ரௌட்டரில் அந்தக் குட்டி ரீசெட் ஓட்டையில் குத்துவதற்கு முன்னால் யோசியுங்கள். பிராட்பேண்ட் கம்பெனி கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்டு அதில்தான் இருந்திருக்கும். அதுவும் போனால் வீடு முழுக்க இருட்டு.

நம்மைப் போல மூணு வருஷத்துக்கொரு ஊர் மாறுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஊரில் இருந்தால் அலமாரி, பரண், சித்தப்பா வீடு என்று நாலு இடத்தில் நாலு சாமான் கிடக்கும். நமக்கு எல்லாமே ஒரு லாரியில் ஏறுகிற அளவுதான். பழையது என்று மிச்சமிருப்பது பாதி ஒரு டிஸ்க்கில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று வழக்கம். கான்ஃபிகரேஷன் கோப்பில் கை வைப்பதற்கு முன் அதற்கு ஒரு நகல். சாதனங்களின் முகவரி, பெயர், பாஸ்வேர்டு எல்லாம் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி, பீரோவில். அது எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது, அம்மா குரல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று புனேயில்.

நேற்று சாயந்திரமும் கரண்ட் போனது. அப்பா காபி டம்ளரோடு கேட்டார், "தம்பி, நீ ஒண்ணும் பேர் மாத்தலையே?"

டிஸ்கி: அந்த ரிப்பேர்க்காரர் மேல் கோபமில்லை. வருகிற பத்து வீட்டில் ஒன்பது வீடு "சீக்கிரம் முடிங்க" என்றுதான் சொல்லும். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன்.