கையெழுத்திட்டவர்கள் பதில் சொல்லட்டும்

கல்யாண ஊர்வலத்தில் துப்பாக்கியால் சுடுவது இந்த நாட்டில் குற்றம். பொது இடத்தில் துப்பாக்கியை உயர்த்திக் காட்டுவது தடைசெய்யப்பட்ட செயல். உறையில் போடாமல், வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வது விதிமீறல். இந்த மூன்றும் உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் ஹரியாணாவிலும் பஞ்சாபிலும் திருமணப் பருவம்தோறும் நடக்கின்றன. போலீசுக்குத் தெரிந்தே நடக்கின்றன. மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிந்தே நடக்கின்றன.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் குழப்பம் எதுவும் இல்லை. உரிமம் பெற்ற துப்பாக்கியாக இருந்தாலும் பொது இடத்தில் முழுவதும் மூடிய உறையில்தான் இருக்க வேண்டும். அதை ஆட்டிக் காட்டக் கூடாது. சுடக் கூடாது. வெற்றுத் தோட்டாவைக்கூட வெடிக்கக் கூடாது. உரிமதாரருக்கும் இது பொருந்தும், அவருக்காகத் துப்பாக்கி தாங்கி வரும் காவலாளிக்கும் இது பொருந்தும். ஆனால் ஜீப்பின் ஜன்னல் வழியே துப்பாக்கிக் குழல்கள் நீட்டிக்கொண்டு போகின்றன. சுங்கச்சாவடியிலும் கட்சி மேடையிலும் தோளில் தொங்குகின்றன. நிறுத்திக் கேட்பவர் இல்லை.

2016 டிசம்பரில் பஞ்சாபின் பதிண்டா மாவட்டம் மௌர் என்ற ஊரில், கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண் தலையில் குண்டு பாய்ந்து அங்கேயே விழுந்தார். அவர் பிழைப்புக்காக ஆட வந்தவர். அதற்கு முந்தைய மாதம்தான் ஹரியாணாவின் கர்னாலில், திருமணத்துக்கு வந்த ஒரு பெண் சாமியாரும் அவருடைய துப்பாக்கி ஏந்திய காவலர்களும் மண்டபத்துக்குள்ளேயே சுட்டார்கள். மணமகனின் அத்தை முறை உறவினர் ஒருவர் இறந்தார். உறவினர் மூவர் காயமடைந்தார்கள். அந்த அம்மாள் மணமக்களை வாழ்த்த வந்தவர்.

உத்தராகண்டில் 2007-இல் நடந்த திருமணத்தில் சுட்டவர் வெளியாள் அல்லர். மணமகனின் தந்தையே சுட்டார். கூரையை நோக்கிச் சுட்டார். ரவைகள் சிதறி ஐந்து பேர் மீது பாய்ந்தன. இருவர் இறந்தார்கள். அவர் அழைப்பிதழ் கொடுத்து வரவழைத்த விருந்தினர்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2020 மார்ச் ஆயிற்று. கூட்டம் நிறைந்த இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியால் சுடுகிறவருக்கு அதன் விளைவு தெரிந்தே இருக்கும் என்று நீதிமன்றம் சொன்னது. கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணக் குற்றமாகக் குறைத்தாலும் பத்தாண்டுச் சிறையை விதித்தது. கல்யாண வீடுகளில் சுடும் பழக்கம் பெருகிவருவதையும், துப்பாக்கி அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டதையும் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது.

இதில் விபத்து என்று எதுவும் இல்லை. சுடுகிறவர் ஒரு கையில் துப்பாக்கியைப் பிடிக்கிறார். மறு கையில் செல்போன். சுற்றிலும் டிஜே இரைச்சல், ஆட்டம், குடி. தோட்டா சிக்கிக்கொண்டால் உயர்த்திய குழலைக் கீழே இறக்கி என்னவென்று பார்க்கிறார். அப்போது குழல் எதிரில் நிற்பவரின் மார்பு மட்டத்தில் இருக்கிறது. பக்கத்து மாடியிலிருந்து ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கும் குழந்தை, வானத்தை நோக்கிச் சுட்ட குண்டின் பாதையில் நிற்கிறது. மேலே போன குண்டு எங்காவது இறங்கியே தீரும். இவையெல்லாம் தெரியாமல் உரிமம் கொடுக்கப்படவில்லை. விண்ணப்பதாரர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதே 2016 விதிகளில்தான் இருக்கிறது.

உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 இறுதியில் நாட்டில் ஏறத்தாழ 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். ஒவ்வொரு உரிமத்தையும் ஓர் அதிகாரி படித்துப் பார்த்து, காவல்துறை அறிக்கை வாங்கி, கையெழுத்திட்டிருக்கிறார். உயிருக்கு ஆபத்து என்று எழுதி வாங்கிய துப்பாக்கி அது. அந்தத் துப்பாக்கி கல்யாண வீட்டில் வெடித்து உயிரைப் பறிக்கும்போது கையெழுத்திட்டவர் ஏன் கேள்விக்கு உட்படுவதில்லை? வழக்குப் பதிவாகிறது, சுட்டவர் கைதாகிறார், செய்தி அடங்குகிறது. உரிமம் கொடுத்த அலுவலகம் மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் அடுத்த உரிமத்தைப் புதுப்பிக்கிறது.

சட்டமும் கோழைத்தனமாக எழுதப்பட்டிருக்கிறது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்துக்காகச் சுடுவதை முதன்முறையாகத் தனிக் குற்றமாக்கியது. அதுவரை நல்லது. தண்டனை என்ன? அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று இல்லை. பல லட்சம் செலவழித்துத் திருமணம் நடத்தும் குடும்பத்துக்கு அபராதம் பந்தல் செலவோடு போய்விடும். உரிமம் தானாக ரத்தாவதும் இல்லை. ரத்து செய்யும் அதிகாரம் உரிமம் வழங்கும் அதிகாரிக்கும் தண்டிக்கும் நீதிமன்றத்துக்கும் இருக்கிறது. கட்டாயம் இல்லை. அதே திருத்தம், ஒருவர் ஒரு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்ற முன்மொழிவோடு வந்தது. அவையைக் கடப்பதற்குள் அது இரண்டாகிவிட்டது. யாருடைய வசதிக்காக இரண்டாயிற்று என்பதை உள்துறை அமைச்சகம் மக்களுக்கு விளக்க வேண்டும்.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. அங்கே பல மாநிலங்களில் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திக் கடைத்தெருவில் நடக்கலாம். அதன் விலையை அந்த நாட்டு மக்கள் கொடுத்துவருகிறார்கள். இந்தியாவில் அப்படி ஓர் உரிமையே இல்லை. 2023-இல் உரிமமற்ற ஆயுதங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இங்கே துப்பாக்கி அரசு தரும் அனுமதி. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற அரசுக்குத் தடை என்ன?

தடை எதுவும் இல்லை என்பதை அரசே தேர்தல்தோறும் நிரூபிக்கிறது. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போகிறது. உரிமதாரர்கள் காவல் நிலைய வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். எந்த வீட்டில் எத்தனை துப்பாக்கி என்ற பட்டியல் காவல் நிலைய எழுத்தரின் மேசையில் இருக்கிறது. வாக்குப்பெட்டிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் மனிதருக்கு ஏன் கிடைப்பதில்லை?

அரசியல் கட்சிகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2019 ஜூலையில் உத்தராகண்டின் அன்றைய பாஜக சட்டமன்ற உறுப்பினர் பிரணவ் சிங் சாம்பியன், கையில் துப்பாக்கிகளோடு குடித்து ஆடும் வீடியோவை நாடே பார்த்தது. கட்சி அவரை ஆறாண்டுகளுக்கு நீக்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஆறாண்டுத் தண்டனை ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே நீடித்தது. 2025 ஜனவரி 26, குடியரசு நாளன்று, ரூர்க்கியில் பதவியில் இருக்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் ஆதரவாளர்களுடன் சென்று துப்பாக்கியால் சுட்ட குற்றச்சாட்டில் அதே மனிதர் கைதானார். 2019 வீடியோவோடு இந்த விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடித்துவைக்க வேண்டியவர்கள் முடித்துவைக்கவில்லை.

2020 ஜனவரி 30 அன்று டெல்லி ஜாமியா பல்கலைக்கழகம் அருகே ஒரு சிறுவன் போராட்ட ஊர்வலத்தை நோக்கித் துப்பாக்கியை நீட்டினான். அவனுக்குப் பின்னால் போலீஸ் கூட்டமே நின்றது. அவன் சுட்டு ஒரு மாணவர் காயமடைந்த பிறகுதான் அவனைப் பிடித்தார்கள். துப்பாக்கி வெளியே வந்ததே குற்றம். ரத்தம் வரும்வரை காத்திருந்தது காவல்துறையின் குற்றம்.

ஆதாரம் இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. சுடுகிறவர்களே வீடியோ எடுத்து வெளியிடுகிறார்கள். முகம் தெரிகிறது, துப்பாக்கி தெரிகிறது, மண்டபத்தின் பெயர்ப் பலகை தெரிகிறது. பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போடுகிறவர்களைத் தமிழ்நாட்டுப் போலீஸ் அந்த வீடியோவை வைத்தே தேடிப் பிடிக்கிறது. கத்திக்குப் போதும் ஆதாரம் துப்பாக்கிக்குப் போதாதா?

பஞ்சாப் அரசு ஒருமுறை விழித்தது. பாடகர் சித்து மூசேவாலா 2022 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நவம்பரில் பொது இடத்திலும் சமூக ஊடகத்திலும் ஆயுதங்களைக் காட்டத் தடை வந்தது. எல்லா உரிமங்களையும் மூன்று மாதத்துக்குள் மறுஆய்வு செய்ய உத்தரவும் வந்தது. சில மாதங்களில் 800-க்கும் மேற்பட்ட உரிமங்கள் ரத்தாயின. மூன்றரை லட்சத்துக்கும் மேல் உரிமங்கள் உள்ள மாநிலத்தில் இது தொடக்கம் மட்டுமே. மற்ற மாநிலங்கள் அந்தத் தொடக்கத்தைக்கூடச் செய்யவில்லை. ஒரு புகழ்பெற்ற பாடகர் சாகும்வரை பஞ்சாபும் செய்யவில்லை.

ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஆயுதச் சட்டத்தை மீண்டும் திருத்த வேண்டும். கொண்டாட்டத்துக்காகச் சுட்டால் குறைந்தபட்சச் சிறைத்தண்டனை வேண்டும். பொது இடத்தில் துப்பாக்கியை உயர்த்திக் காட்டினாலே, ஒரு குண்டும் வெடிக்காவிட்டாலும், உரிமம் அன்றே முடக்கப்பட வேண்டும். அதை ஆட்சியரின் விருப்பத்துக்கு விடக் கூடாது. வாங்கிய தோட்டாவுக்குக் கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த தோட்டா விற்கக் கூடாது. திருமணத்தில் உயிர் போன ஒவ்வொரு வழக்கிலும் அந்த உரிமத்துக்குப் பரிந்துரைத்த காவல் அதிகாரியும் கையெழுத்திட்ட அதிகாரியும் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அந்த விளக்கம் அவர்களுடைய பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் ஆகும். உரிமத்தை ரத்து செய்யக் காலம் ஆகாது. அதற்கான அதிகாரம் இன்றே மாவட்ட ஆட்சியர்களிடம் இருக்கிறது. வட மாநிலங்களில் நவம்பரில் ஏகாதசி கழிந்ததும் கல்யாணங்கள் தொடங்கிவிடும். கடந்த பருவத்தில் வீடியோவில் சிக்கிய ஒவ்வொரு துப்பாக்கியும் அதற்குள் காவல் நிலையத்தின் பூட்டுக்குள் போக வேண்டும். எத்தனை உள்ளே போயின என்ற எண்ணிக்கையை மாவட்டவாரியாக மாநில அரசுகள் வெளியிட வேண்டும்.